எந்திரக் கை யாருக்காக நீள்கிறது?

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ‘கனடார்ம்-2’ என்னும் எந்திரக் கை பொருத்தப்பட்டது. ஏழு மூட்டுகளும் 17 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட அது, வெளியே பணியாற்றும் விண்வெளி வீரரைத் தன் நுனியில் தாங்கி உரிய இடத்தில் சேர்க்கிறது. 2007 நவம்பரில் கிழிந்த சூரியத் தகட்டைச் செப்பனிட்ட ஸ்காட் பாரசின்ஸ்கி, அக்கை பற்றியிருந்த நீண்ட தண்டின் முனையில் நின்றே அப்பணியை முடித்தார்.

இந்தியாவும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவூர்தியில் சென்ற போயம்-4 தளத்தில், திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோ பிரிவு உருவாக்கிய ‘நடக்கும்’ எந்திரக் கை சோதிக்கப்பட்டது. பெருமைக்குரிய சாதனை இது.

இக்கருவியின் அடிப்படை நோக்கம் எளிது: ஆபத்தான இடத்துக்கு மனித உடலை அனுப்புவதைக் குறைப்பது, அனுப்பியே தீரவேண்டுமெனில் பிடிமானம் தருவது. இந்நோக்கத்தை ராபர்ட்சன்பேட்டையின் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இவ்வயலில் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை இறங்கினர். பாறை வெடிப்புகளில் மாண்டனர். நிலத்தின் மேலோ, உலர் கழிப்பிடங்களை மனிதக் கைகளே அள்ளின. அத்தகைய குடும்பமொன்றில் 1966இல் இங்கே பிறந்த பெஜவாடா வில்சன், அவ்விழிவுக்கு எதிரான இயக்கத்துக்காக 2016இல் மகசேசே விருது பெற்றார். 1993லும் 2013லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் நாடெங்கும் கழிவுநீர்க் குழிகளில் மனிதர்கள் மடிவது நிற்கவில்லை.

விண்வெளிச் செலவைக் குறைத்தால் இது தீரும் என்பது மேலோட்டமான வாதம். தொழில்நுட்பம் இங்கே தடையன்று. அதே திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ என்னும் எந்திரம் 2018 முதல் கழிவுநீர்க் குழிகளைத் தூர்வாரி வருகிறது. குறைவது அறிவன்று, இவ்வுயிரும் காக்கத்தக்கதே என்னும் எண்ணம். வீரர் ஒருவர் வெளியே கால்வைக்குமுன் ஒவ்வோர் அசைவும் ஒத்திகை பார்க்கப்படுகிறது. குழிக்குள் இறங்குபவருக்கோ பல வேளைகளில் ஒரு கயிறுகூட இல்லை.

எனவே கோரிக்கை இரண்டு. எந்திரமின்றிக் குழிக்குள் ஆளை இறக்கும் ஒப்பந்தத்துக்கு எந்த நகராட்சியும் பணம் வழங்கலாகாது. எந்திரம் வரும்போது, அதை இயக்கும் பயிற்சியும் நிரந்தர வேலையும் இதுவரை இறங்கியவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். விண்ணில் ‘நடக்கும்’ கையை உருவாக்கத் தெரிந்த நாட்டுக்கு, மண்ணில் ஒருவரைக் கைவிட எந்தச் சமாதானமும் இல்லை.