கொன்றவனுக்குப் புகழ், மாண்டவர்களுக்கு மறதி!

சார்லஸ் மான்சன் என்ற ஆசாமி 2017-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கைதியாகவே இறந்து போனான். அப்போது அவனுக்கு வயது 83. அதோடு அவன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! 2019-ல் அவனுடைய கோஷ்டியை வைத்து ஹாலிவுட்டில் பெரிய படம் ஒன்று வந்தது. 2025-ல் 'நெட்பிளிக்ஸ்' அவனைப் பற்றிச் செய்திப்படம் வெளியிட்டது. நாவல், நாடகம், இசைத்தட்டு, பனியன் என்று அவன் பெயர் ஏறாத சரக்கே இல்லை எனலாம்.

இவன் என்ன சாதித்தான்? ஒன்பது பேரின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டான். அவ்வளவுதான்! அவனுக்கு இந்தப் புகழைத் தேடித் தந்தவர்கள் யார்?

பாடகனாக ஆசை

மான்சன் 1934-ல் பிறந்தவன். திருட்டு, மோசடி முதலிய குற்றங்களுக்காகச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிகளிலும் சிறைகளிலும் பாதி ஆயுளைக் கழித்தவன். சிறையில்தான் கிதார் வாசிக்கப் பழகினான். 1967 மார்ச்சில் விடுதலையாகி சான்பிரான்சிஸ்கோ நகருக்குப் போனான். வீட்டை விட்டு ஓடி வந்த 'ஹிப்பி' இளைஞர்களும் யுவதிகளும் நிறைந்திருந்த காலம் அது. போதை மருந்தையும் வேதாந்தப் பேச்சையும் கலந்து கொடுத்து ஒரு கூட்டத்தைச் சேர்த்தான். அதற்குக் 'குடும்பம்' என்று பெயர்! குதிரை வீரர் படங்கள் எடுப்பதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே போட்டிருந்த பழைய 'செட்'டில் அந்தக் கும்பல் குடியேறியது.

பெரிய பாடகனாகிவிட வேண்டும் என்பது அவன் கனவு. 'பீச் பாய்ஸ்' என்ற பிரபல சங்கீதக் கோஷ்டியைச் சேர்ந்த டென்னிஸ் வில்சனின் சிநேகம் 1968-ல் கிடைத்தது. மான்சன் கட்டிய பாட்டு ஒன்றைச் சொற்களையும் தலைப்பையும் மாற்றி அந்தக் கோஷ்டி வெளியிட்டது. ஆனால் இசைத்தட்டில் அவன் பெயர் இல்லை. டெர்ரி மெல்ச்சர் என்ற தயாரிப்பாளரும் அவன் பாட்டைக் கேட்டுவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

இரண்டு இரவுகள்

1969 ஆகஸ்ட் 8-ந் தேதி இரவு, மெல்ச்சர் முன்பு குடியிருந்த வீட்டுக்கு மான்சன் நான்கு சீடர்களை அனுப்பினான். அப்போது அங்கே வசித்தவர்கள் டைரக்டர் ரோமன் போலான்ஸ்கியும் அவர் மனைவி, நடிகை ஷாரன் டேட்டும். கணவர் லண்டனில் இருந்தார். 26 வயதான ஷாரன் நிறைமாதக் கர்ப்பிணி. அவளும், சிகை அலங்காரக் கலைஞர் ஜே செப்ரிங், காப்பிக் கம்பெனி முதலாளியின் மகள் அபிகெயில் போல்ஜர், போலந்துக்காரர் பிரைகோவ்ஸ்கி, ஸ்டீவன் பேரண்ட் என்ற 18 வயது வாலிபன் ஆகியோரும் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு லெனோ லாபியாங்கா என்ற மளிகை வியாபாரியும் அவர் மனைவி ரோஸ்மேரியும் பலியாயினர். அந்த வீட்டுக்கு மான்சனே போனான். அவர்களைக் கட்டிப் போட்டான். கொல்லும் வேலையைச் சீடர்களிடம் விட்டுவிட்டு வெளியேறினான்.

அட்டையில் அவன் முகம்

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 1969 டிசம்பர் 19-ந் தேதி 'லைப்' பத்திரிகை அவன் முகத்தை அட்டை முழுவதும் போட்டது. வெறித்த கண்களும் பரட்டைத் தலையுமான அந்தப் படம்தான் இன்றும் பனியன்களில் காணப்படுகிறது. பல லட்சம் பேர் கையில் அந்த முகம் போய்ச் சேர்ந்தபோது, வழக்கு விசாரணைகூட ஆரம்பமாகவில்லை!

1970 மார்ச்சில் அவனுடைய பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவந்தன. பத்திரிகையின் அதே அட்டையை எடுத்து, 'லைப்' என்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் நீக்கி, 'லை' என்று உறையில் அச்சிட்டார்கள். 'லை' என்றால் பொய். பாடகனாக அவனை ஏற்காத உலகம், கொலைகாரன் என்றதும் இசைத்தட்டு போட்டது!

கோர்ட்டையும் அவன் நாடக மேடை ஆக்கினான். நெற்றியில் பெருக்கல் குறி கீறிக் கொண்டு வந்தான். சீடப் பெண்களும் அப்படியே செய்தார்கள். அவன் குற்றவாளி என்று 1970 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்சன் வாய் தவறிப் பேசிவிட, அந்தப் பத்திரிகைத் தலைப்பை ஜூரிகளுக்கு உயர்த்திக் காட்டினான். 1971-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மாகாண சுப்ரீம் கோர்ட் மரண தண்டனையை ரத்துச் செய்ததால் அது ஆயுள் சிறையாயிற்று. சர்க்கார் தரப்பு வக்கீல் புக்லியோசி 1974-ல் எழுதிய புத்தகம் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இரு தரப்பாருக்கும் லாபம்

கொலைகாரர்கள் எந்த நாட்டில் இல்லை? இவன் மட்டும் ஏன் நிலைத்தான்? சினிமா நட்சத்திரம், பாட்டு, போதை, காமம், ரத்தம் என்று சினிமாவுக்கு வேண்டிய அத்தனையும் இந்த வழக்கில் இருந்தன என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஹிப்பிகளைக் கண்டு முகம் சுளித்தவர்களுக்கு, "பார்த்தீர்களா, இதுதான் இவர்கள் லட்சணம்" என்று சொல்ல மான்சன் தேவைப்பட்டான். பெரியவர்களை அதிர வைக்க நினைத்த இளைஞர்களுக்கும் அவனே தேவைப்பட்டான். ஒரு சாராருக்குப் பூச்சாண்டி. மறு சாராருக்குக் கலகக் கொடி. இருவருமாகச் சேர்ந்து, சில்லறைத் திருடனாக இருந்தவனைச் சாத்தானாக உயர்த்திவிட்டார்கள்.

அதன் பலன்கள் பல. ராக் பாடகர் ஒருவர் மர்லின் மன்றோவின் முதல் பெயரையும் இவன் பெயரையும் சேர்த்து, 'மர்லின் மான்சன்' என்று சூட்டிக் கொண்டார். 1993-ல் 'கன்ஸ் அன் ரோசஸ்' கோஷ்டி இவன் பாட்டு ஒன்றைத் தங்கள் இசைத்தட்டில் சேர்த்தது. கண்டனம் எழுந்தது. பழைய கோர்ட் தீர்ப்பு ஒன்றின்படி, அந்தப் பாட்டுக்கான ராயல்டி கொலையுண்ட பிரைகோவ்ஸ்கியின் மகனுக்குப் போயிற்று. தந்தையைக் கொல்ல ஆள் அனுப்பியவனின் பாட்டிலிருந்து மகனுக்கு வருமானம்! இதைவிடக் கசப்பான நஷ்டஈடு உண்டா?

டிரென்ட் ரெஸ்னர் என்ற இசைக் கலைஞர் 1992-ல் அந்தக் கொலை நடந்த வீட்டையே வாடகைக்கு எடுத்துப் பாட்டுகள் பதிவு செய்தார். ஷாரனின் தங்கை ஒரு நாள் அவரைச் சந்தித்து, 'என் அக்காவின் சாவை வைத்துப் பிழைக்கிறீர்களா?' என்ற பொருள்பட நேரில் கேட்டுவிட்டாள். தன் தங்கைக்கு இப்படி நேர்ந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது என்றும், அன்றிரவு அழுததாகவும் அவர் பிற்பாடு சொன்னார். 1994-ல் அந்த வீடு இடிக்கப்பட்டது.

தாயின் போராட்டம்

ஷாரனின் தாயார் டோரிஸ் டேட் பல ஆண்டுகள் துக்கத்தில் முடங்கிக் கிடந்தார். கொலையாளிகளில் ஒருத்தி விடுதலையாகக்கூடும் என்று கேள்விப்பட்டு 1982-ல் வீதிக்கு வந்தார். அதை எதிர்த்து மூன்றரை லட்சம் கையெழுத்துகள் திரட்டினார். கொலையுண்டவர்களின் உற்றார் தண்டனை, விடுதலை விசாரணைகளில் பேச உரிமை அளிக்கும் சட்டம் அவ்வாண்டு கலிபோர்னியாவில் நிறைவேறியது, அதற்காகவும் பாடுபட்டார். 1984-ல் மகளைக் கொன்றவனின் விடுதலை விசாரணையில் எதிரே நின்று பேசினார். 1992-ல் அவர் காலமான பிறகு ஷாரனின் தங்கைகள் அந்தப் பணியை ஏற்றார்கள்.

2019-ல் குவென்டின் டாரன்டினோ எடுத்த படம் இந்த வகையில் கவனிக்கத் தக்கது. அதில் மான்சன் ஒரே ஒரு சிறு காட்சியில் தலைகாட்டுகிறான். கொலையாளிகள் பக்கத்து வீட்டில் நுழைந்து உதைபட்டுச் சாகிறார்கள். ஷாரன் பிழைக்கிறாள். முதலில் படத்தை எதிர்த்த ஷாரனின் தங்கை, கதையைப் படித்த பின் சம்மதித்தார். அக்காவின் நகைகளையும் நடிகைக்கு இரவல் கொடுத்தார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதவே கூடாது என்பதல்ல. நல்ல குடும்பத்துப் பெண்கள் ஒரு போலிக் குருவின் பேச்சில் மயங்கிக் கத்தி எடுத்தது எப்படி என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்து கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதையின் நாயகன் யார் என்பதே கேள்வி.

ஸ்டீவன் பேரண்ட் அந்த வருஷம்தான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தான். வீட்டுக் காவல்காரனிடம் ஒரு கடிகார ரேடியோவை விற்றுப் பார்க்கலாம் என்று அன்றிரவு அங்கே போனவன். அந்தப் பேரம் முடியவில்லை. திரும்பும்போது வாசலிலேயே சுடப்பட்டான். மான்சனின் முகத்தைப் பனியனில் போட்டுக் கொண்டு திரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பையனின் பெயர் தெரிந்திருக்கும்?