விளம்பரப் படத்தில் பயனிலை எங்கே?

இந்தியக் கல்லூரிகளின் சேர்க்கைக் கையேடுகள் பத்தை எடுத்துப் பெயர்களை மறைத்துவிட்டுப் புரட்டினால், எது எந்த மாநிலத்துக் கல்லூரி என்று சொல்வது அரிது. ட்ரோன் எடுத்த ஆளில்லாக் கட்டடம், குத்துவிளக்கேற்றும் சிறப்பு விருந்தினர், வெள்ளை அங்கியுடன் வண்ணத் திரவத்தை உற்றுநோக்கும் மாணவி, புல்தரையில் புத்தகத்தோடு சிரிக்கும் நால்வர். இலக்கணச் சொல்லால் கூறினால், இப்படங்களில் எழுவாய் உண்டு, பயனிலை இல்லை. யாரோ இருக்கிறார்கள், எவரும் எதுவும் செய்வதில்லை.

இதை அழகியல் குறை என்று ஒதுக்கிவிட இயலாது. நகரத்துக் குடும்பம் கல்லூரியை நேரில் சென்று பார்க்கும். அங்கே படித்த உறவினரைக் கேட்கும். ஜார்க்கண்டின் சிற்றூரிலிருந்து பெங்களூருவுக்கோ புணேவுக்கோ படிக்கச் செல்ல எண்ணும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த வசதி இல்லை. கைப்பேசித் திரையில் தெரியும் படங்களே அவருக்குச் சாட்சி. அவற்றை நம்பித்தான் குடும்பம் கடன் வாங்குகிறது. ஆகவே அந்தப் படம் அலங்காரமன்று, வாக்குறுதி.

ஒரு முரணை இங்கே கவனிக்க வேண்டும். நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவுக்குக் கல்லூரிகள் அனுப்பும் படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். மதிப்பீட்டாளர் சான்று கேட்கிறார், கல்லூரி தருகிறது. கட்டணம் செலுத்தப்போகும் மாணவருக்குக் காட்டும் படத்திலோ இடமும் இல்லை, காலமும் இல்லை. சான்று தேவைப்படுவோர் இருவர், கிடைப்பது ஒருவருக்கே.

விளம்பரமென்றால் நல்ல முகத்தைத்தானே காட்டுவார்கள் என்பது வழக்கமான மறுமொழி. உள்ளதை நல்ல ஒளியில் காட்டுவதில் பிழையில்லை. இல்லாததை வைத்து இட்டு நிரப்புவதே பிழை. விளம்பரத் துறை தனக்குத்தானே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதியும் இதையே சொல்கிறது: கல்வி நிறுவன விளம்பரத்தில் காட்டப்படும் கட்டமைப்பு, விளம்பரம் வெளியாகும் வேளையில் உண்மையில் இருக்க வேண்டும். 2000இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகம், கால்பந்து பார்க்கும் வெள்ளையர் கூட்டத்தின் படத்தில் கறுப்பின மாணவர் ஒருவரின் முகத்தைக் கணினியில் ஒட்டித் தன் விண்ணப்பக் கையேட்டின் அட்டையில் அச்சிட்டது. அது வெளிப்பட்டபோது பல்கலைக்கழகம் தலைகுனிந்தது. இன்று அதே வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நொடிகளில் செய்து தருகின்றன.

நம் நாட்டில் ஒட்டுவேலை வேறு வகையில் நடக்கிறது. வடகிழக்கு மாநில மாணவியும் பழங்குடி மாணவரும் பண்பாட்டு விழாவில் மரபு உடையுடன் படத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். நூலகத்திலும் ஆய்வகத்திலும் எடுக்கும் படங்களில் அவர்களைக் காண்பது அரிது. பன்மை காட்சிப்பொருளாகிறது, கற்பவராக எண்ணப்படுவதில்லை.

இசைவு இன்னும் அடிப்படையானது. பயிற்சி மையங்கள் வெற்றிபெற்ற மாணவரின் படத்தைப் பயன்படுத்த எழுத்துவழி இசைவு பெற வேண்டும், அதையும் தேர்ச்சிக்குப் பிறகே பெற வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சேர்க்கைப் படிவத்தின் அடியில் சிற்றெழுத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, அதையே இசைவு என்று கொள்ளும் கல்லூரிகள் அந்த வழிகாட்டுதலின் நியாயத்தைத் தாமாகவே ஏற்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கருதுகிறது. முதலாண்டு வகுப்பில் 17 வயதினர் பலர் உண்டு என்பதை ஒளிப்படக்காரரை அழைக்கும் துறைத்தலைவர் நினைவில் கொள்ள வேண்டும்.

பயனுள்ள படத்துக்குப் பெருஞ்செலவு வேண்டாம். பருவத்தின் நடுவே, உண்மையான செய்முறை வகுப்பு நடக்கும் ஒரு முற்பகல் போதும். முன்னறிவித்து, விரும்பாதவரை விலக்கி, சன்னல் வெளிச்சத்தில், மாணவரின் கண்மட்டத்தில் கேமராவை வைத்து அரைமணி நேரம் பொறுமையாக இருந்தால், நடிப்பு தானே உதிரும். பழைய நிறமாலைமானியின் முன் இருவர் அளவீட்டைப் பற்றி வாதிடும் படம், பளிங்கு முகப்பைவிட அந்த இயற்பியல் துறையைப் பற்றி அதிகம் சொல்லும். சாய்தளம் இருந்தால் அதில் சக்கர நாற்காலி ஏறுவதைக் காட்டலாம். இல்லையென்றால் முதலில் சாய்தளத்தைக் கட்டலாம். படத்தின் கீழே எந்தத் துறை, எந்த வகுப்பு, எந்த மாதம் என்று ஒரு வரி எழுதுவதற்குச் செலவே இல்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மாணவர் அந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வரட்டும். படத்தில் கண்ட இடங்களும் வேலைகளும் அவர் கண்ணில் பட்டால் அதுவே நல்ல விளம்பரம். படாவிட்டால், அந்தக் கல்லூரி தன் மாணவருக்குக் கற்பித்த முதல் பாடம் பொய்யாகிவிடும்.