மூக்குக்குள் நல்ல நண்பர்கள்!

வகுப்பில் யாராவது 'ஹச்... ஹச்...' என்று தும்மிக்கொண்டே இருக்கிறார்களா? சிலருக்கு மூக்கடைப்பும் முகவலியும் 12 வாரங்கள் கடந்தும் தீராது. அதுதான் நாள்பட்ட சைனஸ் நோய்.

நம் மூக்குக்குள் எப்போதும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. எல்லாமே கெட்டவை அல்ல. பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக விஞ்ஞானி சாரா லெபீர் குழுவினர், 100 ஆரோக்கியமானவர்களையும் 225 சைனஸ் நோயாளிகளையும் ஒப்பிட்டு, 2020ல் முடிவை வெளியிட்டனர். ஆரோக்கியமான மூக்கில், 'லாக்டோபேசில்லஸ்' வகை பாக்டீரியா 10 மடங்கு வரை அதிகம் இருந்ததாம். வீட்டில் பாலைத் தயிராக்குவதும் இதன் உறவுக்காரர்களே!

மூக்கில் ஆக்சிஜன் அதிகம். இந்த வகையில் பலவற்றுக்கு அது ஆகாது. ஆனால், மூக்கில் கிடைத்த ஒன்று ஆக்சிஜனைச் சமாளித்தது. முடி போன்ற மெல்லிய இழைகளால் மூக்கின் உட்சுவரைப் பற்றிக்கொண்டது. ஆய்வகச் சோதனையில் நோய்க்கிருமிகளின் வளர்ச்சியையும் தடுத்தது.

'அப்படியானால் மூக்கில் தயிர் விடலாமா, சார்?' என்று கேட்பீர்கள். கூடவே கூடாது! நல்ல பாக்டீரியா குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை குறைந்தனவா? ஒப்பிட்டுப் பார்த்ததை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. கோழியா, முட்டையா கதைதான்!

ஒன்று மட்டும் நிச்சயம். சாதாரண சளி வைரஸால் வருகிறது. தூசி பட்டுத் தும்முவது அலர்ஜியாக இருக்கலாம். இரண்டையும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை குணப்படுத்தாது. நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். எனவே, டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். வீட்டிலும் சொல்லுங்கள், செய்வீர்களா?