0.9 கெல்வினும் 'என்ன பயன்?' என்கிற கேள்வியும்

பொங்கலன்று மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் நம்மவர்கள் நாலைந்து குடும்பமாகக் கூடியிருந்தோம். அக்கா மகள் எங்களோடு தங்கி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள்.

"அடுத்து என்னம்மா?" என்றார் நண்பர்.

"பிஎச்.டி. அங்கிள். கரிம உப்புகளை அழுத்தி, அதுல மின்சாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்கிறது."

"எத்தனை டிகிரியில?"

"மைனஸ் 270 பக்கம்."

சிரித்துவிட்டார். "அதனால யாருக்கும்மா என்ன பயன்? பேசாம டேட்டா சயன்ஸ் எடு." அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் முன்னால் நானே அவளிடம் இதையேதான் கேட்டிருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இதே நண்பர் 2023 ஜூலையில் எல்கே-99 செய்தியை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை அனுப்பியவர். அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி, இனி மின் இழப்பே கிடையாது என்று ஒரே கொண்டாட்டம். கொரியாவிலிருந்து வந்த அந்தக் கூற்றை இங்கே டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் செய்து பார்த்தார்கள். மீகடத்தல் இல்லை. எதிர்ப்பு சட்டென்று குறைந்ததற்குக் காரணம் கலந்திருந்த தாமிர சல்பைடு என்று அடுத்த சில வாரங்களில் தெரிந்தது. அந்தச் செய்தியை மட்டும் யாரும் ஃபார்வேர்ட் செய்யவில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். கரிமப் பொருளில் அறை வெப்பநிலை மீகடத்தல் வரலாம் என்று 1964-ல் லிட்டில் என்பவர் எழுதினார். பலர் அதைத் தேடிக் கிளம்பினார்கள். கிடைத்தது என்ன? கோபன்ஹேகனில் பெக்கார்ட் ஓர் உப்பைத் தயாரித்தார். பாரிஸ் அருகே ஓர்சேயில் ஜெரோம் குழு அதை 12,000 வளிமண்டல அழுத்தத்தில் குளிர்வித்தது. மீகடத்தல் வந்தது, வெறும் 0.9 கெல்வினில். 1980-ல் வெளியிட்டார்கள். நம் நண்பர் அங்கே இருந்திருந்தால் "இவ்வளவுதானா?" என்று கேட்டிருப்பார்.

ஆனால் அந்த 0.9-க்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். பெக்கார்ட் உப்பில் செலினியம் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்தால் அதன் தம்பி உப்பு கிடைக்கும். அதில் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு எலக்ட்ரானை விட்டுக் கொடுக்கின்றன. ஆளுக்கு அரை மின்னூட்டம். குளிர்வித்தால், 70 கெல்வின் பக்கத்தில் இந்தச் சரிபாதி கணக்கு குலைகிறது. ஒன்றில் கூடுதல், அடுத்ததில் குறைவு என்று மாறி மாறி நிற்கிறது. ஒருவரை ஒருவர் ஆகாத பங்காளிகள் பந்தியில் ஓர் இலை விட்டு ஓர் இலையில் உட்கார்வார்களே, அது மாதிரி. இதுதான் மின்னூட்ட ஒழுங்கு. உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை, மின்சாரம் ஓடாது.

இப்போது அழுத்துங்கள். மூலக்கூறுகள் நெருங்க, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது எளிதாகிறது. முதலில் இந்த ஒழுங்கு கரைகிறது. பிறகு ஒரு காந்த ஒழுங்கு வருகிறது. அதையும் தாண்டி, சுமார் 50,000 வளிமண்டல அழுத்தத்தில் அதே உப்பு மீகடத்தி! காந்த ஒழுங்கும் மீகடத்தலும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதை இந்த உப்புகள் காட்டிய பிறகுதான், 1986-ல் தாமிர ஆக்சைடு மீகடத்திகள் வந்தன. அங்கேயும் அதே அக்கம்பக்கம்.

இன்னொன்று. இந்தக் கந்தக உப்புக் குடும்பத்தில் ஏதோ ஒரு மாற்றம் நடப்பது 1980-களிலேயே தெரியும். எக்ஸ் கதிரில் எதுவும் அகப்படவில்லை. அது மின்னூட்ட ஒழுங்கு என்று காந்த ஒத்ததிர்வு அளவீடு காட்டியது 2000-ல். நடுவில் பதினைந்து வருடம். "பயன்?" என்று கேட்டிருந்தால் முதல் வருடமே கடையைக் கட்டியிருப்பார்கள்.

பயனே வேண்டும் என்பவர்களுக்கும் கணக்கு சொல்கிறேன். பாதரசத்தில் மீகடத்தல் தெரிந்தது 1911-ல், 4.2 கெல்வினில். அது எம்.ஆர்.ஐ. காந்தமாக ஆஸ்பத்திரிக்கு வந்தது 1980-களில். எழுபது வருடம். போன வருடம் முதுகுவலிக்கு நம் நண்பர் உள்ளே படுத்தாரே, அதே மெஷின்தான்.

"பிள்ளைக்குச் சம்பளம் எப்போ வரும்?" என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. ஊரை விட்டு வந்து, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டிக் கரையேறியவர்கள் நாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு 'நாட்டுக்கு என்ன பயன்' என்று வேஷம் கட்டாதீர்கள். பயத்தைச் சொன்னால் பிள்ளை பதில் சொல்லும். கேலி செய்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

மெதுவாக வரும் உண்மைக்குப் பொறுமை இல்லாத வீட்டில்தான் எல்கே-99 மூன்று தடவை ஃபார்வேர்ட் ஆகிறது.

பி.கு.: நேற்று ராத்திரி அவளிடம் மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்லை மாமா, இப்பவாவது பந்தி கதை புரிஞ்சுதா?" என்றாள். அந்த உவமை அவளுடையது. உதவித்தொகை எவ்வளவு, எத்தனை வருடம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இழுபறிதான். ஆனாலும் விண்ணப்பம் போகிறது.