கோபம் வந்ததெல்லாம் பாவமில்லை

"கோபப்படுறது பாவம், இயேசப்பாவுக்குப் பிடிக்காது." இதைக் கேட்காமல் நம் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்த பிள்ளை அபூர்வம். அழுதால் செபமாலை சொல்லச் சொல்கிறோம். பயந்தால் விசுவாசம் போதவில்லை என்கிறோம். இப்படி அடக்கி வளர்த்தால்தான் பிள்ளைக்குப் பக்தி வரும் என்று, பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் பெற்றோரும் நம்புகிறார்கள். திருச்சபை இப்படிப் போதிக்கவே இல்லை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1767-ஆம் எண்ணில், உணர்வுகளைத் தம்மளவில் நல்லவை என்றோ தீயவை என்றோ கணக்கிடவில்லை. மனம் ஒப்பி அவற்றை எந்தப் பக்கம் செலுத்துகிறோம் என்பதையே பார்க்கிறது. தலையான பாவங்கள் ஏழில் கோபமும் உண்டே என்பார்கள். உண்டு, அது வஞ்சம் வைத்துப் பழிவாங்கத் துடிக்கும் கோபம். நியாயமான காரணம் இருந்தும் கோபமே வராதிருப்பது குறையாகலாம் என்று எழுதியவர் புனித தாமஸ் அக்குவினாஸ்.

புது நன்மைக்குத் தயாராகும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாவங்களை நினைத்துப் பார்க்கச் சொன்னால், "தம்பி மேல கோபம் வந்துச்சு" என்கிறது. கோபம் வந்தது வேறு, தம்பியை அடித்தது வேறு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. வந்த உணர்வுக்கே மன்னிப்புக் கேட்கப் பழகிய பிள்ளை, அடுத்து அதை நம்மிடம் மறைக்கப் பழகும். பள்ளியில் யாரோ சீண்டினாலும், தொடக்கூடாத இடத்தில் பெரியவர் ஒருவர் தொட்டாலும், வந்து சொல்லாது. என் பெரிய அச்சம் இதுதான். ஏதோ தப்பு நடக்கிறது என்று அதற்கு உணர்த்தும் கோபத்தையே நாம் வாயடைத்துவிடுகிறோம்.

இயேசுவையே பாருங்கள். லாசரை உயிர்ப்பிக்கப் போகிறவர், லாசரின் கல்லறைக்குப் போகையில் அழுதார். கை சூம்பியவரின் துன்பத்தைக் கண்டும் வாய் திறவாமல் இருந்தவர்களைச் சினத்தோடு பார்த்தார். கெத்சமனியில் கலங்கினார். 88-ஆம் திருப்பாடல் கடைசிவரை இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

நீதிமொழிகள் 13:24-இன் பிரம்பைக் காட்டுகிறவர்கள், பிள்ளைகளின் மனம் உடையும்படி நடத்தாதீர்கள் என்று தந்தையரை எச்சரிக்கும் கொலோசையர் 3:21-ஐயும் வாசிக்கட்டும்.

கண்டிப்பு வேண்டும். தம்பியை அடித்தால் மன்னிப்புக் கேட்க வையுங்கள். ஆனால் கோபம் ஏன் வந்தது என்று முதலில் கேளுங்கள். இரவுச் செபத்தில் அந்தக் கோபத்தை ஆண்டவரிடமே சொல்ல விடுங்கள். திருப்பாடல்கள் அவரிடம் முறையிட்டதைவிடக் கடுமையாக எந்தப் பிள்ளையும் முறையிடப் போவதில்லை.