பிரபலமில்லாதவர்களின் உயில்கள்

உயில் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய தமிழ்ப் படம்தான். பெரியவர் கண்ணை மூடியிருப்பார். வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார். பாதியிலேயே ஒரு ஆள் எழுந்து "இது போலி!" என்று கத்துவார். அதற்கப்புறம் கோர்ட், அடிதடி, கிளைமாக்ஸ். சொத்து கைமாறியதும் அந்தக் காகிதத்தின் வேலை முடிந்தது.

இங்கிலாந்தில் அந்தக் காகிதத்துக்கு இன்னொரு ஆயுள் உண்டு. தன் பாட்டனுக்குப் பாட்டன் யார், எந்தக் கிராமம், என்ன தொழில் செய்தான் என்று தேடுவது அங்கே ஏராளமானவர்களின் பொழுதுபோக்கு. (சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பைத்தியம்!) ஊர் ஊராக ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. ரிட்டயர் ஆனவர்கள் பென்சிலும் நோட்டுமாக அங்கே போய் உட்கார்ந்து, நானூறு வருஷத்துக் கிறுக்கல் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் புதையல்களில் பெரியது உயில்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் நீதித்துறை அமைச்சகம் ஒரு யோசனையை முன்வைத்துப் பொதுமக்களிடம் கருத்து கேட்டது. 1858 முதல் சேர்ந்துவிட்ட உயில்களும் அவற்றோடு சேர்ந்த தாள்களும் சுமார் 11 கோடி இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்க வருஷத்துக்கு 45 லட்சம் பவுண்டு செலவாகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவோம், மூலத்தை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவோம் என்பதுதான் யோசனை. ஒரே ஒரு விதிவிலக்கு: பிரபலமானவர்களின் உயில்கள் மட்டும் அப்படியே இருக்கும். டார்வின், டிக்கன்ஸ், இளவரசி டயானா மாதிரி.

வரலாற்றாசிரியர்கள் கொதித்துப் போனார்கள். கொதித்தது நியாயம்தான். காசு மிச்சம் பிடிக்கும் யோசனை என்பதைவிட, யாருடைய காகிதம் முக்கியம் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட யோசனை இது.

ஏன் என்று புரிய, அங்கே குடும்ப வரலாறு தேடுபவர்கள் எப்படிப் பின்னோக்கிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் வீட்டுவாரிப் படிவங்கள் நூறு வருஷம் கழித்துத்தான் பொதுப் பார்வைக்கு வரும். 1921இன் கணக்கு 2022இல் வெளியானது. பின்னோக்கி 1841 வரை போகலாம். அதற்கும் முன்னால் 1837 ஜூலையில் தொடங்கியது அரசாங்கத்தின் பிறப்பு இறப்புப் பதிவு. அதற்கு முந்தையது தேவாலயப் பதிவேடு. எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538இல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைத்தார்கள். (நடுவில் உள்நாட்டுப் போர் வந்து பல ஊர்களில் ஏடு ஓட்டையாகக் கிடக்கிறது.)

இதெல்லாம் சரி. ஆனால் இந்த ஏடுகளில் என்ன இருக்கும்? "ஜான், தாமஸின் மகன், ஞானஸ்நானம்." அவ்வளவுதான். ஒரே ஊரில் நாலு தாமஸ் இருந்தால் எந்த தாமஸ்? தேடுகிறவர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பார். அப்போது கைகொடுப்பது உயில். "என் மூத்த மகன் ஜானுக்கு ஆற்றங்கரை வயல், என் தங்கை மகள் மேரிக்கு ஒரு பசு" என்று உறவு, இடம், பொருள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். பதிவேடு எலும்பு என்றால் உயில்தான் சதை.

1858 ஜனவரிக்கு முன்னால் உயில்களை உறுதிசெய்தது தேவாலய நீதிமன்றங்கள். கொஞ்சம் வசதியானவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் உடைமை வைத்திருந்தவர்கள் எல்லாம் கேண்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1384 முதல் 1858 வரை அங்கே பதிவான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்களின் பிரதிகள் இப்போது லண்டன் க்யூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சின்ன விவசாயிகளின் உயில்கள் உள்ளூர் நீதிமன்றங்களில் பதிவாகி, அந்தந்த ஊர்க் காப்பகங்களில் தங்கிவிட்டன.

படிப்பது அவ்வளவு லேசு இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், தூரத்துச் சொந்தமாகவும் இருக்கலாம். 'சன் இன் லா' என்று எழுதியிருப்பது மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையாக இருக்கும். நாம் சிரிக்க வேண்டாம், மருமகன் என்று நாமும்தான் மகளின் புருஷனையும் சொல்கிறோம், அக்காள் மகனையும் சொல்கிறோம். நாளைக்கு ஒரு வெள்ளைக்காரர் நம் வீட்டுப் பத்திரத்தைப் படித்தால் அவர் பாடும் திண்டாட்டம்தான். இன்னொரு வேடிக்கை: மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதி வைத்திருந்தால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று நினைத்துக்கொள்வார்கள். பல சமயம் அந்தப் பிள்ளை தன் பங்கை முன்னமேயே வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போயிருப்பான். மறந்துவிடவில்லை என்று காட்டத்தான் அந்த ஷில்லிங்.

உயிலைவிடச் சுவையானது அதோடு வரும் பொருள் பட்டியல். 1529இன் சட்டப்படி, இறந்தவரின் உடைமைகளைக் கணக்கெடுத்து நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பாதி வரை இது பரவலாக நடந்தது. கணக்கெடுத்தது யார் என்கிறீர்கள்? அதிகாரிகள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்! அறை அறையாக நுழைந்து, உடுப்பும் பையிலிருந்த காசும் இவ்வளவு, கட்டில் இத்தனை, நூற்பு ராட்டை ஒன்று, பாலாடைக்கட்டி செய்யும் சாமான், கொல்லையில் பன்றி இரண்டு என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் விலை போட்டார்கள். நிலம் அதில் வராது. ஆனால் வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேருக்குப் படுக்கை, அந்த வருஷம் என்ன விதைத்திருந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட சாதாரணக் காகிதங்களை வைத்துத்தான் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் லெஸ்டர்ஷயரின் விக்ஸ்டன் மேக்னா என்ற ஒரே ஒரு கிராமத்தைப் பற்றி 1957இல் முழுப் புத்தகம் போட்டார். மார்கரெட் ஸ்பஃபோர்ட் 1974இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் மூன்று கிராமங்களை எடுத்துக்கொண்டார். உயில்களின் ஆரம்பத்தில் "என் ஆன்மாவைக் கர்த்தரிடம் ஒப்படைக்கிறேன்" என்கிற மாதிரி வரும் வாசகங்களை வைத்து, எழுதியவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று அதற்கு முன் பலர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பஃபோர்ட் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே ஊரில் பல பேருடைய உயிலை எழுதியது ஒரே ஆள்! படுக்கையில் கிடப்பவர் சொத்தைச் சொல்லியிருப்பார். பக்தி வாசகம் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவருடைய வழக்கம். நம்மூர் பத்திர எழுத்தரின் பாஷையை வைத்து நிலம் விற்றவரின் குணத்தை முடிவுகட்ட முடியாது என்கிற மாதிரி.

கவனியுங்கள், இங்கே ஒருவர்கூடப் பிரபலம் இல்லை. ஒரு விவசாயியின் உயில் தனியாக ஒன்றும் சொல்லாது. ஒரு கிராமத்தின் ஐம்பது உயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் கிராமம் எழுந்து நிற்கும். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஏற்கெனவே ஆயிரம் காகிதம் உண்டு. டிக்கன்ஸின் உயில் காணாமல் போனாலும் டிக்கன்ஸ் இருப்பார்.

"அதான் ஸ்கேன் இருக்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டிலிருந்தபடியே படிக்க முடிவது வரப்பிரசாதம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிரதி என்பது எடுத்தவரின் கண்ணுக்குத் தெரிந்த அளவுதான். ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1616 மார்ச்சில் முடிவான அவருடைய உயிலில், மனைவிக்கு 'இரண்டாவது நல்ல கட்டில்' என்ற புகழ்பெற்ற வரி இருக்கிறது. மூலத்தில் அது வரிகளுக்கு நடுவே பிற்பாடு நுழைக்கப்பட்டது. நீதிமன்ற குமாஸ்தா எழுதிய சுத்தப் பிரதியிலோ மற்ற வரிகளோடு வரியாக உட்கார்ந்திருக்கிறது. நினைவு வந்து சேர்த்தாரா, மனைவி கேட்டுச் சேர்த்தாரா என்ற கேள்வியே மூலம் இருப்பதால்தான் எழுகிறது. 2016இல், நானூறு வருஷம் கழித்து, காப்பகத்தினர் விதவிதமான ஒளியில் அந்தத் தாள்களைப் படம் பிடித்தார்கள். மை எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பது தெரிந்து, எந்தப் பக்கம் எப்போது எழுதியது என்ற விவாதம் புதிதாகக் கிளம்பியது. சாதாரண ஸ்கேனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

அந்த உயில் பிழைத்தது அவர் ஷேக்ஸ்பியர் என்பதற்காகவும் இல்லை. மற்றவர்களுடையது இருந்தது, அதுவும் இருந்தது. 1747இல் ஜோசப் கிரீன் என்ற ஸ்ட்ராட்ஃபோர்ட் பள்ளி ஆசிரியர் அதன் பிரதியைக் கண்டெடுத்து, இதில் கவிஞனின் வாசனையே இல்லையே என்று நொந்துகொண்டார்.

பிரதியை நம்பி மூலத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு டப்ளின் இருக்கிறது. 1922 ஜூன் 30, ஐரிஷ் உள்நாட்டுப் போரின் ஆரம்பம். ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் வெடித்து, பொது ஆவண அலுவலகம் எரிந்தது. நூற்றாண்டுகளின் உயில்கள் போயின. சர் வில்லியம் பெதம் என்பவர் அதற்கு வெகுகாலம் முன்பே 1800 வரையிலான ஆயிரக்கணக்கான உயில்களிலிருந்து குறிப்பு எடுத்து வைத்திருந்தார். புண்ணியவான்! ஆனால் அவருக்கு வேண்டியது வம்சாவளி. பெயர், தேதி, யார் யாருக்கு மகன் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். குடும்ப மரம் கிடைத்தது. பசு, கட்டில், வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்த பழைய கவுன் எல்லாம் சாம்பல். இங்கிலாந்திலும் 1942 மே மாதம் எக்ஸெட்டரில் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் டெவன், சாமர்செட் பகுதிகளின் உயில்கள் எரிந்தன. அந்தப் பக்கத்துக் குடும்ப வரலாற்றுக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

அப்படியானால் காகிதமும் எரியும்தானே என்றால், எரியும். கம்ப்யூட்டரும் படுக்கும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, அதன் புத்தகப் பட்டியலே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அமைச்சகத்தின் யோசனை வந்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து! இரண்டும் இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். இது பாங்க் லாக்கர் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு.

இன்னொரு கேள்வி: பிரபலம் என்று யார் முடிவு செய்வது, எப்போது? கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட ஜமைக்காப் பெண்மணி மேரி சீகோல் 1881இல் லண்டனில் இறந்தார். உயிலும் எழுதி வைத்திருந்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு வருஷம் அவரை யாரும் நினைக்கவில்லை. இறந்து 25 வருஷம் கழித்து, 1906இல், ஒரு குமாஸ்தாவிடம் பட்டியலைக் கொடுத்திருந்தால் அவர் அந்தப் பெயரை எந்தப் பக்கம் வைத்திருப்பார்? 2016இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை எதிரே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

உயில்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். கூலிக்காரர்களில் பலர் உயில் எழுதவில்லை, எழுத என்ன இருந்தது? 1882இன் சட்டம் வரும்வரை கல்யாணமான பெண் புருஷன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. ஆகவே பெண்களின் உயில் என்றால் பெரும்பாலும் விதவைகளும் கல்யாணமாகாதவர்களும்தான். ஏழைகளைத் தேட வேறு காகிதம் பார்க்க வேண்டும். 1662இன் குடியேற்றச் சட்டத்தின் கீழ், எந்த ஊர் உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏழைகளை நிறுத்தி வைத்து விசாரித்து எழுதிய வாக்குமூலங்கள் இருக்கின்றன. எங்கே பிறந்தேன், யாரிடம் வேலை செய்தேன் என்று ஒரு வாழ்க்கையே ஒரு பக்கத்தில் கிடக்கும். ஆனால் உயில் எழுதாதவர்களும் பிறருடைய உயிலில் எட்டிப் பார்ப்பார்கள், பழைய கோட்டு வாங்கிய வேலைக்காரனாக, கடன் பாக்கி வைத்தவனாக.

இதற்கு நம் ஊர்ப் பக்கமும் ஒரு தொடர்பு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் சென்னை, கல்கத்தா, பம்பாயில் இறந்த கம்பெனி ஆட்களின் உயில்களுடைய பிரதிகள் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிப்பாய், குமாஸ்தா, கப்பல்காரன் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாதவர்கள். அவர்களோடு வாழ்ந்த இந்தியப் பெண்கள் அந்த உயில்களில் வருகிறார்கள்: சிலர் ஒற்றைப் பெயரோடு, சிலர் பெயரே இல்லாமல், மாதம் இத்தனை ரூபாய் என்ற ஒரு வரியில், "அவளுடைய பிள்ளைகள்" என்ற இரண்டு சொல்லோடு. துர்பா கோஷ் என்ற வரலாற்றாசிரியர், பெரும்பாலும் வங்காளத்தை வைத்து, இந்த மாதிரி வரிகளைப் பொறுக்கிச் சேர்த்து 2006இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பெண்களில் பலரைப் பற்றி வேறு எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது.