வாச்சாத்தி நமக்குச் சொல்வது

"கவர்மெண்டை எதிர்த்து நாம என்னங்க பண்ண முடியும்?" ஊர்ல யாராவது இப்படிக் கேட்டா, வாச்சாத்தியைப் பாருங்கன்னு சொல்வேன். மொரப்பூர்ல இருந்து அரூர் போய், அதைத் தாண்டி சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். ஜனங்களை அடித்தார்கள். 18 பெண்களின் மானத்தைச் சூறையாடினார்கள். கடைசியில் ஜெயிலுக்குப் போனதும் ஊர்க்காரங்கதான்.

தப்பு செஞ்சதே அரசாங்க ஆளுங்க. அப்புறம் யாரிடம் போய்ச் சொல்றது? அதற்குத்தான் அரசியல் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அடிப்படை உரிமை பறிபோனால் 32ஆம் பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம், 226ஆம் பிரிவின்படி ஐகோர்ட்டுக்குப் போகலாம். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த ஜனங்களோடு நின்றார்கள். 1995ல் சென்னை ஐகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள்.

அப்பீல் போனார்கள். 2023 செப்டம்பர் 29ல் ஐகோர்ட் அதைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கணும் என்றது.

என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்கணும்னு 1993லேயே நீலபதி பெஹெரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டது. ஒடிசாவில் போலீஸ் பிடியில் செத்துப்போன பையனின் தாய்க்கு ஒன்றரை லட்சம் கிடைத்தது. ஆனா கஜானாவில் இருந்து எடுத்தால் அது நம்ம வரிப்பணம். அடிச்சவன் கைக்காசு போனால்தான் அடுத்தவன் கை ஓங்க யோசிப்பான்.

இன்னொண்ணு, காலம். நியாயம் முழுசா வர 31 வருஷம். அதிகாரிகள் மேல் வரும் இந்த மாதிரி வழக்குக்குக் கெடு வைக்கணும்.

அதுவரை நாம செய்ய வேண்டியது: எதையும் எழுத்தில் கொடுங்க, ரசீது வாங்குங்க. வக்கீலுக்குக் காசில்லைன்னு உட்காராதீங்க. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி ஜனங்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமா வக்கீல் வெச்சுக் கொடுப்பாங்க. முக்கியமா, தனியாப் போகாதீங்க. வாச்சாத்தி ஜெயிச்சது ஊரே கலையாமல் நின்னதால்தான்.